மெட்ராஸ் வண்டிக்கு மெட்ராஸ் சாமான்

கல்கத்தாவில், அலிப்பூரில் அரசாங்க இலாகா ஒன்றின் மோட்டார் பணிமனை. அதன் சாமான் அறையில், கம்பி ஜன்னலுக்குப் பின்னால், சுலோசனா ஏழு வருஷம் உட்கார்ந்திருந்தாள். அதற்கு முன் அந்த நாற்காலி அவள் புருஷன் சிவலிங்கத்தினுடையது. அறுபத்தாறில் மஞ்சள் காமாலை அவனைக் கொண்டுபோயிற்று. எட்டு வயதுப் பெண் ஷியாமளாவோடு டாக்குரியாவில் ஒற்றை அறையில் நின்றவளுக்கு, இலாகா இரக்கப்பட்டு அதே வேலையைக் கொடுத்தது. விழுப்புரத்தில் பள்ளி இறுதி வரை படித்தவள். கார் என்றால் முன்னால் விளக்கு, பின்னால் புகை என்ற அளவில் தெரியும்.

இரக்கத்தில் கிடைத்த நாற்காலிக்கு ஒரு குணம் உண்டு. உட்கார்ந்தவளை அது நிம்மதியாக உட்கார விடாது. புடவை கட்டியவள் போல்ட்டுக்கும் புஷ்ஷுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பாளா என்று ஆட்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். ஒருத்தன் வந்து, "ஹாரனுக்கு ஊதுற காத்து ஒரு டப்பா வேணும் தீதி" என்று முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டு கேட்டான். அக்காவை அங்கே தீதி என்பார்கள். பாவம், அரைமணி நேரம் தேடினாள். வெளியே பத்துப் பேர் சிரித்த சிரிப்பு அவள் வீடு வரை வந்தது.

அழுது முடித்து மறுநாள் வந்தவள் ஒவ்வொரு டப்பாவாகப் பிரித்தாள். எது எங்கே போகிறது என்று வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தாள். ஃபோர்மேன் நிதாய் ஹால்தார் வாய் ஓயாத மனுஷன். ஆனால் கேட்டால் சொல்லிக் கொடுப்பார். ஒரு வருஷத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையாலேயே சாமானைச் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டாள்.

பணிமனையில் இருந்தவை இருபத்திரண்டு ஹார்வுட் கார்கள். இங்கிலாந்துக்காரன் வரைந்த வண்டி. ஆனால் பூட்டிய இடம் இரண்டு. பதினாலு வண்டி கங்கைக்கு அக்கரையில் இருந்த தொழிற்சாலையில் பூட்டியவை. எட்டு வண்டி மெட்ராஸுக்கு வெளியே பூட்டி ரயிலில் வந்தவை. பானெட்டைத் தூக்கினால் தகட்டில் கல்கத்தா வண்டிக்கு ‘சி’ என்றும் மெட்ராஸ் வண்டிக்கு ‘எம்’ என்றும் பொறித்திருக்கும். அந்த ஒரே ஒரு எழுத்தை வைத்துக்கொண்டு பணிமனை இரண்டாகப் பிரிந்து கிடந்தது. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் கால்பந்துச் சண்டையாவது ஆட்டம் முடிந்தால் ஓயும். இது மதிய டிபன் வேளையில் தினமும் நடக்கும்.

"உங்க மெட்ராஸ் வண்டி கதவைச் சாத்தினா கோயில் மணி மாதிரி அடிக்குது" என்பார் நிதாய்.

"உங்க கல்கத்தா வண்டி கதவு சாத்தவே மாட்டேங்குதே" என்பாள் சுலோசனா. இருவரும் பேசுவது வங்காளியில்தான். ஆனாலும் அந்த நேரத்தில் அவள் விழுப்புரத்துக்காரியாகி விடுவாள்.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்களே, அந்த நியாயம்தான் அங்கே நடந்தது. கல்கத்தா வண்டி நின்றால் அவளுக்கு அது தொழிற்சாலையின் குற்றம். மெட்ராஸ் வண்டி நின்றால் ரோட்டின் குற்றம். கணக்கும் அவள் பக்கமே பேசியது. ரிப்பேருக்கு வந்து கிடந்ததெல்லாம் பெரும்பாலும் ‘சி’ வண்டிகள். ‘எம்’ வண்டிகள் வருஷத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்ற வந்துவிட்டு ராஜா மாதிரித் திரும்பிப் போகும்.

அறுபத்தெட்டில் ஒரு ‘எம்’ வண்டிக்குக் கதவு மாற்ற வேண்டி வந்தது. கல்கத்தா கதவைக் கொண்டுவந்து வைத்தால் மேலே ஒரு விரல் இடைவெளி, கீழே இடிக்கிறது. நிதாய் இரண்டு நாள் சுத்தியலால் தட்டியும் சாத்தவில்லை. சுலோசனா மெட்ராஸுக்கு எழுதிக் கதவு வரவழைத்தாள். டக்கென்று உட்கார்ந்தது. அன்று பிறந்ததுதான் அவளுடைய சட்டம்: மெட்ராஸ் வண்டிக்கு மெட்ராஸ் சாமான், கல்கத்தா வண்டிக்குக் கல்கத்தா சாமான். அறையில் இரண்டு ராக்கு வைத்தாள். எந்த வண்டிக்கென்று வாங்கிய சாமானோ அந்த வண்டியின் ராக்குக்குப் போகும். மெட்ராஸ் சாமானுக்குச் சிவப்புப் பெயிண்ட்டில் ஒரு புள்ளி, கல்கத்தா சாமானுக்கு வெள்ளைப் புள்ளி. புள்ளி வைத்ததும் அட்டைப் பெட்டி எதற்கு? வாசல் டீக்கடைக்காரனுக்கு அடுப்பெரிக்கக் கொடுத்துவிடுவாள்.

அந்த ஏற்பாட்டுக்குப் பிறகு கேட்ட சாமான் கேட்ட நிமிஷத்தில் கிடைத்தது. மேலதிகாரி வந்து பார்த்து, மற்ற பணிமனைகளும் இப்படிச் செய்யலாம் என்று சுற்றறிக்கை விட்டார். காற்று டப்பா கேட்டவன் இப்போது ஜன்னலுக்கு முன்னால் பீடியை அணைத்துவிட்டு நின்றான். "சுலோசனா தீதி கையில தப்பு வராது" என்பது பணிமனையில் பழமொழியே ஆகிவிட்டது. அவளும் அதை நம்பினாள். ஏன் நம்பக்கூடாது? அழுது அழுது சம்பாதித்த பேர் அது.

எழுபத்து மூன்றில், துர்கா பூஜைக்கு மூன்று வாரம் இருக்கும்போது, அந்த விபத்து நடந்தது.

வேதாச்சலம் பதினோரு வருஷமாக இலாகாவில் டிரைவர். சேலத்துப் பக்கம். அதிர்ந்து பேசத் தெரியாத ஆள். பூஜைக்குத் துணி வாங்கும் கூட்டத்தைக் கடந்து கரியாஹாட்டிலிருந்து டாக்குரியா பக்கம் ஓர் அதிகாரியை ஏற்றிக்கொண்டு போனான். ‘எம்’ வண்டி, பதினேழாம் நம்பர். வளைவில் வண்டி நடைபாதையில் ஏறி, முரி என்ற அரிசிப் பொரி விற்றுக்கொண்டிருந்த ஹரிபதோ என்பவரின் காலை முறித்துவிட்டு விளக்குக் கம்பத்தில் முட்டி நின்றது. அதிகாரிக்கு நெற்றியில் வீக்கம். வேதாச்சலத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதுவே அவனுக்கு எதிரான முதல் சாட்சியாகப் போயிற்று.

"கையில ஸ்டீயரிங் சும்மா சுத்துச்சுங்க. சக்கரம் கேக்கல" என்றான். அதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

ஸ்டீயரிங்கிலிருந்து முன்சக்கரத்துக்குப் போகும் கம்பியின் முனையில் குமிழ் வைத்த ஒரு மூட்டு இருக்கும். டை ராட் எண்ட் என்பார்கள். அதன் கீழ்த்தண்டு கூம்பாக இறங்கி, சக்கரத்தோடு சேர்ந்த இரும்புக் கையின் கூம்புத் துளையில் அழுந்த உட்கார வேண்டும். பதினேழாம் நம்பரில் அந்தத் தண்டு முறிந்திருந்தது. முறிந்ததால் வண்டி ஏறியதா, ஏறியதால் முறிந்ததா? விசாரணைக்கு வந்த லக்ஷ்மிநாராயணன் என்ற அதிகாரி யோசித்தார். அந்த மூட்டு விபத்துக்கு ஆறு வாரம் முன்புதான் புதிதாக மாற்றியது. சுலோசனாவின் ராக்கிலிருந்து வந்தது. சிவப்புப் புள்ளி வைத்த மெட்ராஸ் சாமான், மெட்ராஸ் வண்டிக்குப் போயிருக்கிறது. அதில் தப்பு இருக்க முடியாது. ஆகவே தப்பு டிரைவருடையது. வேதாச்சலத்தைச் சஸ்பெண்ட் செய்தார்கள். பூஜை விடுமுறைக்கு முன்னால் வேலையை விட்டே எடுத்துவிடுவார்கள் என்று பேச்சு. குடித்திருந்தான் என்றுகூட யாரோ கிளப்பிவிட்டார்கள். வெற்றிலைகூடப் போடாதவன் அவன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவன் பெண்டாட்டி ராமாயி டாக்குரியாவுக்கு வந்தாள். சுலோசனா காபி கலந்து கொடுத்தாள். ராமாயி டம்ளரைத் தொடவில்லை.

"அக்கா, உங்களைக் குத்தம் சொல்ல வரல. உங்க கையில தப்பு வராதுன்னு எல்லாரும் சொல்றாங்க. எங்க வீட்டுக்காரரும் அதையேதான் சொல்றாரு. அதனாலதான் பழி முழுசும் அவர் தலையில வந்து உக்காந்திருச்சு."

"நான் என்ன பண்ணணும்கிற ராமாயி?"

"தெரியலக்கா. ராத்திரி தூங்காம ரெண்டு கையையும் விரிச்சு விரிச்சுப் பாத்துக்கிட்டே இருக்காரு. நம்ம கைதான் ஏமாத்திருச்சோன்னு இப்ப அவருக்கே சந்தேகம் வந்துருச்சு. அதான் என்னால தாங்க முடியல."

அவள் போன பிறகு சுலோசனாவுக்குக் கோபம்தான் வந்தது. என் சாமானைப் போய்ச் சந்தேகப்படுகிறாளே என்று பாத்திரங்களைத் தேவைக்கு மேல் சத்தமாகத் தேய்த்தாள். ஷியாமளா பாடப் புத்தகத்திலிருந்து நிமிர்ந்து வங்காளியில், "மா, அவங்க உன்னை ஒண்ணும் சொல்லலையே, ஏன் இப்படி?" என்று கேட்டாள். கோபத்துக்குக் கீழே வேறொன்று இருந்தது. அதற்குப் பெயர் பயம்.

மறுநாள் மதியம், எல்லோரும் டிபனுக்குப் போயிருந்த நேரம், தார்ப்பாய் போட்டு மூடியிருந்த பதினேழாம் நம்பருக்குப் போனாள். அதே பார்சலில் வந்த இன்னொரு சிவப்புப் புள்ளி மூட்டு கையில் இருந்தது. டீ போடும் கெட்டிலின் அடிக்கரியைத் தேய்த்து எடுத்து அதன் கூம்புத் தண்டில் பூசினாள். புடவையைச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, இரும்புக் கையின் துளையில் தண்டை நுழைத்து, அழுத்தி ஒரு திருகு திருகி வெளியே எடுத்தாள். சரியாக உட்கார்ந்தால் தண்டு முழுக்கக் கரி அழிந்திருக்க வேண்டும். மேலே மட்டும் மோதிரம் போல ஒரு கோடு அழிந்திருந்தது. கீழே கரி கரியாகவே இருந்தது. அதாவது தண்டு கழுத்தில் மட்டும் தொட்டுக்கொண்டு மற்ற இடத்தில் அந்தரத்தில் நின்றிருக்கிறது. நட்டை முடுக்கினால் இறுகியது போலத்தான் தெரியும். ஓட ஓட ஆடி ஆடி ஒருநாள் முறியும்.

இரண்டு தரம், மூன்று தரம் செய்து பார்த்தாள். அதே மோதிரம். பிறகு என்ன தோன்றிற்றோ, உள்ளே போய்க் கல்கத்தா ராக்கிலிருந்து வெள்ளைப் புள்ளி மூட்டு ஒன்றை எடுத்து வந்தாள். கரி பூசி, நுழைத்து, திருகினாள். துடைத்து விட்டாற்போல முழுத்தண்டும் பளபளவென்று வந்தது.

மெட்ராஸ் வண்டிக்குக் கல்கத்தா சாமான் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. சுலோசனா எழுந்து சாமான் அறைக்குத் திரும்பினாள்.

பிற்பகல் முழுவதும் பழைய டெலிவரி சீட்டுகளைப் புரட்டினாள். சீட்டுகள் ஒவ்வொன்றாக அவளைக் குட்டின. கதவும் மட்கார்டும்தான் அந்தந்தத் தொழிற்சாலை ஆட்கள் தட்டிப் பொருத்துவது. அவை ஊருக்கு ஊர் மாறும். மூட்டும் புஷ்ஷும் அப்படியில்லை. சிவப்புப் புள்ளி வைத்ததும் வெள்ளைப் புள்ளி வைத்ததும் ஹவுராவில் ஒரே பட்டறையிலிருந்து வந்தவை. மெட்ராஸ் தொழிற்சாலைக்கும் அங்கிருந்துதான் போயிருக்கிறது! மாறியது ஊர் இல்லை, வருஷம். அறுபத்தைந்தின் நடுவில் இங்கிலாந்துக்காரன் கூம்பின் சாய்வை மாற்றியிருக்கிறான். இரண்டு தொழிற்சாலையும் ஒரே மாதத்தில் மாறியிருக்கின்றன. சீட்டில் பழைய வரிசை, புது வரிசை என்று தனித்தனியாக எழுதியிருந்தது. அட்டைப் பெட்டியிலும் அது அச்சடித்திருந்திருக்கும். பெட்டி டீக்கடை அடுப்புக்குப் போய்விட்டதே.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. ‘எம்’ வண்டிகள் ஏன் ரிப்பேருக்கு வரவில்லை? அவை பெரிய அதிகாரிகளுக்கு ஒதுக்கியவை. பங்களாவிலிருந்து ஆபீஸ், ஆபீஸிலிருந்து பங்களா. ‘சி’ வண்டிகளோ பாதி வங்காளத்தைச் சுற்றி வந்தன. ஓடாத வண்டி கெடவில்லை என்பதை, நல்ல வண்டி என்று எண்ணி மார்தட்டியிருக்கிறாள். அப்படித் தேவைப்படாததால்தான் மெட்ராஸ் ராக்கில் அறுபத்து நாலாம் வருஷத்துச் சாமான் அப்படியே தங்கியிருந்தது. கல்கத்தா ராக்கில் பழையது என்றோ தீர்ந்து, இருந்தது புது வரிசை. பதினேழாம் நம்பர் அறுபத்தாறில் பூட்டிய வண்டி. பழைய சாமானை எடுத்து, புள்ளி சரியாக இருக்கிறது என்று தைரியமாகக் கொடுத்தவள் அவளே. ஆனைக்கும் அடி சறுக்கும். ஆனால் இது அடி சறுக்கியது இல்லை. ஐந்து வருஷம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்த பாதையே தப்பு.

பேசாமல் இருந்துவிடலாம். அந்த எண்ணம் அவளுக்கு வரவில்லை என்று சொன்னால் அது பொய். மிச்சமிருந்த சிவப்புப் புள்ளி மூட்டுகளைப் பையில் போட்டு டாக்குரியா ஏரியில் எறிந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? ஷியாமளாவுக்கு இன்னும் இரண்டு வருஷப் படிப்பு. இந்த நாற்காலி போனால் வேறு நாற்காலி கிடையாது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று உலகம் நடந்துகொண்டுதானே இருக்கிறது? அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தாள். கரி இன்னும் போகவில்லை. வேதாச்சலம் தன் கைகளை விரித்துப் பார்க்கிறான் என்று ராமாயி சொன்னது நினைவுக்கு வந்தது. அவனுக்குத் தெரியாதது இவளுக்குத் தெரியும். அது தெரிந்த பிறகு எப்படிச் சோறு இறங்கும்?

புதன்கிழமை விசாரணையின் கடைசி நாள். லக்ஷ்மிநாராயணனின் மேஜையைச் சுற்றி நிதாயும், யூனியன்காரர் ஒருவரும், சுருக்கெழுத்துக் குமாஸ்தாவும். வேதாச்சலம் சுவரோரம் நின்றான். சுலோசனா சிவப்பு, வெள்ளைப் புள்ளி மூட்டுகள் இரண்டையும், கழற்றி எடுத்த இரும்புக் கையையும் மேஜையில் வைத்து, கரி பூசி, திருகிக் காட்டினாள். மோதிரக் கோட்டைப் பார்த்ததும் நிதாய் எழுந்து நின்றுவிட்டார். அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

லக்ஷ்மிநாராயணன் குரலைத் தாழ்த்தித் தமிழில் பேசினார். அவர் கெட்டவர் இல்லை.

"அம்மா, ஏன் இதை இழுத்து விட்டுக்கறேள்? மெக்கானிக் மாட்டினது சரியில்லைன்னு எழுதிடலாம். உங்க பேரு வர வேண்டாம். குழந்தை படிக்கறதுன்னு கேள்விப்பட்டேன்."

தமிழ் தெரியாத மற்றவர்கள் அவள் முகத்தையே பார்த்தார்கள். சுலோசனா அவருக்கு வங்காளியில் பதில் சொன்னாள். அறையில் எல்லோருக்கும் புரிய வேண்டும் என்றுதான்.

"மாட்டினவர் மேல தப்பில்லை சார். நான் குடுத்ததை மாட்டினார். ரெண்டு ராக்கு வச்சது நான். பெட்டியைத் தூக்கிப் போட்டது நான். டிரைவர் சொன்னது அத்தனையும் நிஜம். சக்கரம் அவர் கையைக் கேக்கலை. எழுதிக்குங்க."

குமாஸ்தா எழுதினார். சுவரோரம் நின்ற வேதாச்சலம் முகத்தை மறைத்துக்கொண்டு அழுதான். அவ்வளவு பெரிய ஆள் அழுவதைப் பார்க்கச் சங்கடப்பட்டு எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள்.

அன்று மாலையே நிதாய் மற்ற ‘எம்’ வண்டிகளை வரவழைத்தார். அறுபத்தாறில் பூட்டியது இன்னொன்று இருந்தது, இருபதாம் நம்பர். போன கோடையில் அதற்கும் சிவப்புப் புள்ளி மூட்டு போட்டிருந்தார்கள். நிதாய் வண்டிக்கு அடியில் படுத்தவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. பிறகு, "தீதி, இங்க வாங்க" என்று கூப்பிட்டு, அவள் கையைப் பிடித்து அந்த மூட்டின் மேல் வைத்தார். விழப்போகிற பல் மாதிரி ஆடியது. அந்த வண்டி காலையில்தான் ஒரு குடும்பத்தை, மூன்று குழந்தைகளோடு, ஹவுரா ஸ்டேஷனில் விட்டுவிட்டு வந்திருந்தது. இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தோமே என்று சுலோசனா தலையில் அடித்துக்கொண்டாள்.

உத்தரவு பூஜைக்கு முன்பே வந்தது. வேதாச்சலத்துக்கு வேலை திரும்பக் கிடைத்தது. ஹரிபதோவின் கால் குணமாகும் வரை இலாகா பொறுப்பேற்றது. சுலோசனாவைத் தலைமை ஆபீஸில் தபால் பிரிவுக்கு மாற்றினார்கள். பேரில் கறுப்புப் புள்ளி. வேலை போகவில்லை, அதற்கு நிதாயும் லக்ஷ்மிநாராயணனும் என்னவெல்லாம் எழுதினார்கள் என்பது அவளுக்குக் கடைசி வரை தெரியாது. போவதற்கு முன் நிதாயோடு சேர்ந்து இரண்டு ராக்கையும் கலைத்து, வருஷவாரியாக அடுக்கிவைத்துவிட்டு, புதிதாக வந்தவரிடம் சாவியைக் கொடுத்தாள்.

கடைசி நாள் பதினேழாம் நம்பர் ரிப்பேர் முடிந்து நின்றது. வேதாச்சலம் சாவியோடு ஜன்னலுக்கு வந்தான்.

"அக்கா, வண்டியை எடுக்கப் போறேன். நீங்க பாத்துக் குடுத்த சாமான்னு ஃபோர்மேன் சொன்னாரு. அது போதும்."

"போதாது" என்றாள் சுலோசனா. அறையை விட்டு வெளியே வந்தாள். "அடியில படுத்து, நீயே கையால ஆட்டிப் பாரு."

"எதுக்குக்கா? உங்களை நம்பாமலா?"

"எல்லாரும் என்னை நம்பினதாலதான் உன்னை யாரும் நம்பல வேதாச்சலம். ஆட்டிப் பாரு."

அவன் சட்டையைக் கழற்றிவிட்டு வண்டிக்கு அடியில் போனான். இரண்டு பக்க மூட்டுகளையும் பிடித்து, பலங்கொண்ட மட்டும் ஆட்டினான். அவன் வெளியே வந்து தலையசைக்கும் வரை சுலோசனா வெயிலில் நின்றாள். பிறகு முன்கதவைத் திறந்து, அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, அதே வளைவு வழியாக டாக்குரியாவுக்குப் போகச் சொன்னாள்.